ஒரு காதுக்கு மொன்றியல் நேரம்

என் தங்கையின் மகளுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். எங்கள் ஆட்களிடம் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமனின் மடியில் இருத்தித்தான் குத்த வேண்டும். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். ஆகவே அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரேயொரு மாமன்மடி, மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், மூன்றாம் மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றின் பழைய சோபாவில் பத்திரமாக இருந்தது. மடியின் சொந்தக்காரனுக்குத்தான் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகத் துணிவு வரவில்லை.

தங்கை இருந்தது ஐடகோ மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே, போய்சி என்ற நகரத்தில். அவளுடைய கணவருக்கு அங்கே கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர்களுடைய விசாப் பத்திரங்கள் ஏதோ ஒரு அலுவலகத்தில் வரிசையில் கிடந்தன. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போவது நிச்சயமில்லை. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான்தான் போக வேண்டும். நான்கு வருடமாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாரியில் பனி. வசந்தத்தில் முழங்கால். கோடையில் வெக்கை. இலையுதிர்காலத்தில் தக்காளி.

தக்காளி முழுப் பொய்யில்லை. ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் எனக்கு வேலை. செப்டெம்பர் வந்தால் இத்தாலியக் குடும்பங்கள் வருடம் முழுவதற்கும் சோஸ் காய்ச்சி வைக்கத் தக்காளியைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் லீவு கேட்டால் முதலாளி என்னையும் ஒரு பெட்டியில் போட்டு விற்றுவிடுவார் என்று தங்கைக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

உண்மையான காரணம் பதினெட்டு வருடப் பழையது. எண்பதுகளின் கடைசியில் நான் கனடாவுக்கு வந்தது அமெரிக்கா வழியாக. அப்போது என் கையில் இருந்தது ஒரு மலேசியக்காரரின் கடவுச்சீட்டு. என்னை விடப் பத்து வயது மூத்தவர், கன்னம் உப்பியவர். கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அவருடைய பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் எனக்குப் பாடமாக்கினார். நித்திரையிலிருந்து தட்டி எழுப்பிக் கேட்பார். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு இடியப்பம் இல்லை. கனடா எல்லையில் முழு உண்மையையும் சொல்லி, அகதியாகப் பதிந்து, காலப்போக்கில் குடியுரிமையும் எடுத்தாகிவிட்டது. அமெரிக்காவுக்குத்தான் நான் ஒன்றுமே சொல்லவில்லை. அங்கே ஒரு கம்ப்யூட்டரில் என் முகமும் அந்த மலேசியக்காரரின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து என்னைக் காத்துக்கொண்டிருக்கின்றன என்று உறுதியாக நம்பினேன். நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் கொழுத்துவிட்டது என்றும் நம்பினேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "அவங்களுக்கு உங்களைத் தேடுறதுதான் வேலையோ? நானே உங்களைத் தேடுறேல்லை."

அந்தக் கோடை முடிகிற நேரம் ஒரு நாள் மருமகளே தொலைபேசியில் வந்தாள். "மாமா, உங்கட மடி எப்ப வரும்?"

"வரும் ராசாத்தி, தக்காளி முடியட்டும்."

"நீங்கள் பயந்தவராம். அம்மா சொன்னவா."

பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை. இஞ்ச தா போனை. அண்ணை, இனிமேல் ஏலாது. பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளும் தோடு போட்டிருக்கினமாம், இவள் நெடுக அழுறாள். இவற்ர வேலையிடத்தில ஒரு தெலுங்கு அண்ணை இருக்கிறார், நல்ல மனுசன். நீங்கள் வராட்டி அவற்ர மடியில இருத்திக் குத்தப்போறன்."

நான் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது இந்தத் தங்கை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு வீட்டு வாசல் படலையில் நின்றவள். அதற்குப் பிறகு அவளுடைய கலியாணத்தை வீடியோவில் பார்த்தேன், பிள்ளை பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டேன். எனக்கென்று மிச்சமிருந்த உத்தியோகம் இந்த மடி ஒன்றுதான். அதுவும் தெலுங்குக்காரருக்குப் போகப் போகிறது. அன்று பின்னேரமே டிக்கெட் போட்டேன். பிறகு கழிப்பறையில் போய் இருந்து யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய் ஐயரிடம் நல்ல நேரம் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அர்ச்சனைக்குத் தரும் கடதாசித் துண்டின் பின்பக்கத்தில், சனிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்று எழுதித் தந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்தேன். நான் செய்த பிழை அப்போதே பையில் ஏறிவிட்டது. எனக்குத்தான் தெரியாது.

மொன்றியலில் ஒரு வசதி உண்டு. அமெரிக்கக் குடிவரவுக்காரரைப் பார்த்துப் பயப்படுவதற்கு அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை. டோர்வால் விமான நிலையத்திலேயே அவர்கள் வரிசையாக இருப்பார்கள். பிடித்தால் அங்கேயே பிடிப்பார்கள், பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிடலாம். இதை மனைவியிடம் ஒரு ஆறுதலாகச் சொன்னேன்.

என் வரிசைக்குக் கிடைத்தவர் மொட்டைத்தலை அதிகாரி. ஐடகோவுக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டார்.

"தங்கையின் மகளுக்குக் காது குத்த."

"நீ காது குத்துபவனா?"

"இல்லை. குத்தும்போது பிள்ளை என்மேல் இருக்கும். நான் கதிரை."

அவர் எதையும் எழுதவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. பிறந்த திகதி என்ன என்று கேட்டார். பதினெட்டு வருடமாக யாரும் என்னிடம் அந்த மாதிரி ஒரு மேசையில், அந்த மாதிரி ஒரு குரலில் அதைக் கேட்டதில்லை. என் வாய் இடியப்பத்தை நினைத்துக்கொண்டது. மலேசியக்காரரின் பிறந்த திகதி, நாள், மாதம், வருடம் எல்லாம் தெளிவாக, ஒரு பிழையுமில்லாமல் வெளியே வந்தது.

அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தார். "இதில் வேறு திகதி இருக்கிறது."

"அது என் மனைவியின் பிறந்த திகதி," என்றேன்.

"உன் மனைவி உன்னை விடப் பத்து வயது மூத்தவளா?"

"ஓம்," என்றேன் தமிழில். பிறகு ஆங்கிலத்திலும் ஒருமுறை.

அவர் என்னை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மலேசியக்காரர் கம்ப்யூட்டருக்குள் இருந்து கை காட்டுகிறார் என்று நினைத்தேன். கடைசியில் முத்திரை விழுந்தது. "நான் என் மனைவியின் பிறந்தநாளை மறந்துதான் வீட்டில் பிரச்சினை," என்று சொல்லிக் கடவுச்சீட்டைத் தள்ளிவிட்டார்.

சிக்காகோவில் விமானம் மாறி, பின்னேரம் போய்சியில் இறங்கினேன். தங்கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னைத் தெரிந்தது. "அண்ணை," என்று கையைப் பிடித்தவள் பிறகு விடவில்லை. மருமகள்தான் இடையில் புகுந்து என் இடுப்புப் பக்கத்தை ஆராய்ந்தாள்.

"மடியைக் காணேல்லை," என்றாள் தாயிடம். "வண்டி மறைக்குது."

"இருந்தால் தெரியும்," என்றேன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு.

அந்த நகரத்தைப் பற்றி எல்லாரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நடுவில் ஒரு ஆறு, கரை முழுக்க மரம், அப்போதுதான் மஞ்சளாகத் தொடங்கிய இலைகள். காலையில் குளிர், மத்தியானம் வெயில். தெருவில் எதிரே வருபவர்கள் எல்லாரும் சிரித்து ஹலோ சொன்னார்கள். மெட்ரோவில் தெரியாத ஆள் சிரித்தால் பேர்ஸைத் தடவிப் பார்க்கிறவன் நான். முதல் நாள் முழுக்க ஒரு கை பேர்ஸில்தான் இருந்தது.

மலைதான் என்னைப் பிடித்து ஆட்டியது. தங்கையின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வேலி முடிய மலை தொடங்கியது. மரமே இல்லாத, காய்ந்த புல் மூடிய, நாயின் முதுகு நிறத்தில் ஒரு மலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரு மலை எட்டிப் பார்த்தது. காற்றில் புகை மணம் வேறு.

"ஏதோ எரியுது," என்றேன்.

"காட்டுத்தீ அத்தான்," என்றார் தங்கையின் கணவர். அமைதியான மனிதர். "தூரத்தில. ஒவ்வொரு வருசமும் எரியிறது." பஸ் பிந்தி வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

"எனக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாக் கிடக்கு. உயரம் கூடின இடம்தானே."

"ஊரில நுவரெலியா மலையின்ர அரைவாசி உயரம்கூட இல்லை அத்தான்."

அதைக் கேட்ட பிறகு மூச்சு சரியாக வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே கொஞ்ச நேரம் வேண்டுமென்றே மூச்சு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கையும் மருமகளும் என்னை அந்த மலைப்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாதை தொடங்குமிடத்தில் ஒரு பலகை. இது மலைச்சிங்கங்கள் நடமாடும் இடம், எதிர்ப்பட்டால் ஓட வேண்டாம், கைகளை உயர்த்தி உங்களைப் பெரிதாகக் காட்டுங்கள் என்று எழுதி, ஒரு பூனையின் படமும் போட்டிருந்தது. தங்கை அதை விளம்பரம் மாதிரி கடந்து போனாள். நான் மூன்று தரம் வாசித்தேன்.

"இஞ்ச சிங்கம் இருக்கோ?"

"இருக்காம். நாங்கள் ஒரு நாளும் காணேல்லை."

"அது உங்களைக் கண்டிருக்கும்."

நூறு அடி போயிருக்க மாட்டோம். பக்கத்துப் பற்றையிலிருந்து ஏதோ ஒன்று படபடவென்று பாய்ந்தது. நான் ஓடவில்லை. பலகை சொன்னபடியே இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, காலை அகட்டி, பற்களையும் காட்டிக்கொண்டு நின்றேன். பற்றையிலிருந்து வந்தவை ஏழெட்டுக் காடைகள். தலையில் ஒரு சின்னக் கொண்டையோடு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக எனக்கு முன்னால் ஓடிப் போயின.

மருமகள் தரையில் குந்தி இருந்து சிரித்தாள். "மாமா காடைக்குப் பெரிசா நிண்டவர்," என்று தகப்பனுக்குச் சொல்ல வீடு வரைக்கும் ஓடினாள்.

சனிக்கிழமை காலை மேசையில் அர்ச்சனைத் துண்டை எடுத்து வைத்தேன். அப்போதுதான் என் கைக்கடிகாரம் இன்னும் மொன்றியல் நேரத்தில் இருப்பது கண்ணில் பட்டது. பிரஷருக்கு விழுங்கும் குளிசை நேரம் பிசகக்கூடாது என்று மாற்றாமல் விட்டிருந்தேன். அதில் பதினொன்று. சுவரில் ஒன்பது.

தங்கை துண்டை வாசித்தாள். "பன்னிரண்டு எண்டால் எந்தப் பன்னிரண்டு? உங்கட பன்னிரண்டோ எங்கட பன்னிரண்டோ?"

ஐயரிடம் நான் மருமகளின் நட்சத்திரத்தைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், தங்கை நல்ல பிள்ளை என்றுகூடச் சொன்னேன். காது எந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அவர் மொன்றியலுக்குத்தான் பார்த்திருப்பார்.

"அப்ப எங்கட பத்தில இருந்து பதினொண்டரை," என்றாள் தங்கை. "ஆனால் இந்த ஊர்ச் சூரியனுக்குப் பார்த்தால் இஞ்சத்தைப் பன்னிரண்டுதானே வரும்? ஐயோ அண்ணை, நாலு வருசம் காத்திருந்தது பிழையான நேரத்தில குத்துறதுக்கோ?"

கோயிலுக்குப் போன் எடுத்தோம். யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமைப் பூசை. தங்கையின் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. சிங்கத்துக்கு வந்தது வேறு பயம்.

அமைதியான மனிதர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். "ரெண்டு காதுதானே இருக்கு," என்றார். "ஒண்டை மொன்றியல் நேரத்துக்குக் குத்துவம். மற்றதை எங்கட நேரத்துக்கு. எது சரியெண்டாலும் பாதி சரி."

இவ்வளவு படித்த மனிதர் இப்படிச் சொன்னதும் எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

காது குத்தும் கடை ஒரு பெரிய அங்காடிக்குள் இருந்தது. நான் மொன்றியலில் வாங்கிக்கொண்டு போன தங்கத் தோடுகளை அங்கே வேலை செய்த பெண் பார்த்து, அழகு என்றாள், ஆனால் புண் ஆறுகிற ஆறு கிழமைக்குக் கடைத் தோடுதான் போட வேண்டும் என்றாள். மருமகள் இளஞ்சிவப்புப் பூ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மொன்றியல் நேரம் ஒரு மணிக்கு உயரமான கதிரையில் நான் ஏறி இருந்தேன். மருமகள் என் மடியில் ஏறினாள். வண்டிக்கு முன்னால் மடி இருக்கத்தான் செய்தது. பெண் பேனாவால் காதில் ஒரு புள்ளி வைத்து, தையல் மெஷினின் குட்டி மாதிரி ஒரு துவக்கைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

எனக்கு இரத்தப் பரிசோதனைக்கே மனைவி கை பிடிக்க வேண்டும். கண்ணை மூடினேன். டக் என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெரிய அலறல்.

அலறியது நான்.

பிள்ளை அதுவரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள். தன் காதில் ஏதோ பயங்கரமானது நடந்திருக்கிறது என்று என் குரலில் இருந்துதான் அவளுக்குத் தெரிந்தது. மடியிலிருந்து வழுக்கி இறங்கித் தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மற்றக் காதைக் கையால் பொத்தினாள். கையை எடுக்க யாராலும் முடியவில்லை.

"நாலு வருசம்," என்றாள் தங்கை என்னைப் பார்த்து. "அந்தத் தெலுங்கு அண்ணை கத்தியிருக்க மாட்டார்."

சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் இருந்தோம். ஒரு காதில் பூவும் மறு காதில் கையுமாக மருமகள் எனக்கு எதிரே இருந்தாள். போய்சியின் பன்னிரண்டு வந்தது, பன்னிரண்டேகால் ஆனது. நான் ஐஸ்கிரீம் என்றேன். சைக்கிள் என்றேன். நாய்க்குட்டி என்றபோது தங்கை என் காலை மிதித்தாள். பிள்ளை அசையவில்லை. இப்படியே நான் மொன்றியலுக்குப் போனால் இந்தப் பிள்ளை ஒற்றைத் தோட்டோடு வளரும், ஏன் என்று கேட்பவர்களிடமெல்லாம் என் கதையைச் சொல்லும் என்று நினைத்தேன். அலறியதை விட அது மோசமாக இருந்தது.

"மாமாவுக்குப் பயம்," என்றேன். "பொய் சொல்லேல்லை. எனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"தெரியும்," என்றாள்.

"அப்ப என்ன செய்வம்?"

அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். குடிவரவு அதிகாரி பார்த்த அதே மாதிரி. "நீங்களும் குத்துங்கோ. நீங்கள் முதல்."

தங்கையின் கணவர் சிரிப்பை அடக்கக் கோப்பைக்குள் இருமினார். அவரைப் பார்த்துக்கொண்டே நான் எழும்பினேன். எழும்பிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது இருக்க ஏலாது, பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கும் அதே இளஞ்சிவப்புப் பூ என்று அவளே சொன்னாள். சோடியாகத்தான் விற்பார்கள், ஒன்றைச் சட்டைப்பையில் ஐயரின் துண்டோடு வைத்தேன். நான் கதிரையில் இருந்தேன். பெண் என் காதில் புள்ளி வைத்தாள்.

"மாமா," என்றாள் மருமகள் கீழே நின்று. "பெரிசா நில்லுங்கோ."

இரண்டு கைகளையும் உயரத் தூக்கினேன். கடைக்கு வெளியே போன ஒரு கிழவர் நின்று பார்த்தார். கொள்ளைக்காரன் யாரோ துவக்கு நீட்டுகிறான் என்று நினைத்திருப்பார். டக் என்றது. காது நெருப்பாகச் சுட்டது. வாய்க்குள் ஒரு அலறல் முழுசாக இருந்தது. அதை விழுங்கினேன். அது இறங்க மாட்டேன் என்றது. திரும்பவும் விழுங்கினேன்.

மருமகள் என் முழங்காலைப் பிடித்து ஏறி மடியில் இருந்தாள். பொத்திய கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். டக். அவள் சத்தமே போடவில்லை. சுவரில் பன்னிரண்டு ஐம்பது. தங்கை சுவர்மணிக்கூட்டைப் பார்த்து, மேலே பார்த்து, கும்பிட்டாள்.

திங்கட்கிழமை டோர்வாலில் மனைவி என் காதை அதிக நேரம் பார்த்தாள்.

"அவளின்ர புண் ஆறுமட்டும் நானும் கழட்டக்கூடாதாம்," என்றேன். "ஒப்பந்தம்."

"வேற என்ன செய்தனீங்கள் அங்க?"

"உமக்குப் பத்து வயசைக் கூட்டிப்போட்டன்."

அதை விளங்கப்படுத்த வீடு வரைக்கும் நேரம் எடுத்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியது. மறுநாள் சந்தையில் முதலாளி தக்காளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பொன்ஜூர் மதாம்," என்று என் காதுப் பூவைப் பார்த்து அம்மணிக்கு வணக்கம் சொன்னார். அந்த ஆறு கிழமையும் அதுதான் என் பெயர்.

அடுத்த ஞாயிறு மருமகள் தொலைபேசியில் வந்தாள்.

"மாமா, கழட்டினீங்களோ?"

"இல்லை."

"நோகுதோ?"

உண்மையைச் சொன்னேன். "நோகுது. சரிச்சுப் படுக்கவும் ஏலாமல் கிடக்கு."

"எனக்கு நோகேல்லை," என்றாள் அவள் மிகுந்த திருப்தியோடு, தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.